புலி தின்றா மான் குறைந்தது?

வாசகர் கேள்வி – பதில்

பெங்களூர்ப் பக்கத்துக் காடுகளைப் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மானைப் பற்றித்தான் பேசின. அவற்றில் ஒன்பதுக்கு இங்கே பதில்.

கேள்வி (ஜே.பி. நகர்): இருபது வருஷத்துக்கு முன் பந்திப்பூர் சஃபாரி போனபோது வண்டிப் பாதையின் இரண்டு பக்கமும் புள்ளிமான். இந்த முறை பிள்ளைகளோடு போனோம். இரண்டு மணி நேரத்தில் முப்பது, நாற்பதுதான் கண்ணில் பட்டது. புலி கூடிவிட்டது என்கிறார்கள். கூடின புலி தின்றுதானே மான் குறைந்தது?

பதில்: உங்கள் கண் பொய் சொல்லவில்லை, ஆனால் குற்றவாளி புலி இல்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு புலி வாரத்துக்கு ஒரு வேட்டை என்ற அளவில் வருஷத்துக்குச் சுமார் 50 குளம்பு விலங்குகளைக் கொல்கிறது. நாகரஹொளெயில் பல வருஷம் ஆய்வு செய்த உல்லாஸ் கரந்த் சொல்லும் கணக்கு இது: காட்டில் இருக்கும் இரையில் பத்தில் ஒரு பங்கைத்தான் புலி ஒரு வருஷத்தில் எடுக்கும். அதாவது ஒரு புலி நிலைத்து வாழ 500 இரை விலங்காவது இருக்க வேண்டும்.

இப்போது அந்த 500-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக அதில் 200 வளர்ந்த பிணைமான் (பெண் மான்) என்று வைப்போம். புள்ளிமான் ஏறக்குறைய ஏழரை மாதம் சுமந்து ஒரு குட்டி போடும். 200 குட்டியில் பாதி நரிக்கும் சிறுத்தைக்கும் நோய்க்கும் போனாலும் நூறு மிஞ்சும். புலி எடுப்பது ஐம்பது. புல்லும் தண்ணீரும் இருக்கிற காட்டில் புலியால் மானைத் தீர்க்க முடியாது. இரை குறைந்தால் முதலில் அடிபடுவது புலிதான். பால் வற்றும், குட்டி சாகும், இளம்புலி வேறு காடு தேடிப் போகும்.

நாட்டின் வரைபடமும் இதையே காட்டுகிறது. 2022 கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் 563 புலி. நாகரஹொளெ, பந்திப்பூர், முதுமலை, வயநாடு சேர்ந்த காட்டில்தான் புலியும் நெருக்கம், மானும் நெருக்கம். ஜார்க்கண்டின் பலாமு காப்பகத்தில் 2018 கணக்கெடுப்பில் ஒரு புலிகூடப் பதிவாகவில்லை. புலி அரிதான அந்த மாநிலக் காடுகளில் மான் கொழித்திருக்க வேண்டுமே? ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் காடுகளில்தான் புள்ளிமானும் கடமானும் குறைந்து கிடக்கின்றன. அங்கே மானைத் தின்றது கண்ணி, வலை, துப்பாக்கி.

இன்னொன்று: நீங்கள் எந்த மாதம் போனீர்கள் என்பது முக்கியம். கோடையில் குளத்தோரம் மட்டும் பச்சை இருக்கும், மான் அங்கே கூடும். மழைக்குப் பிறகு காடெங்கும் புல், மந்தை சிதறிவிடும். சாலையோரம் புதர் மண்டியிருந்தால் பத்தடி தள்ளி நிற்கும் மானும் தெரியாது. அந்தப் புதரைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது.

கேள்வி (காக்ஸ் டவுன்): அப்படியானால் மானை எப்படித்தான் எண்ணுகிறார்கள்? ஒரே மானை இரண்டு தடவை எண்ண மாட்டார்களா?

பதில்: எல்லா மானையும் எண்ணுவதில்லை. காட்டுக்குள் சுமார் 2 கிலோமீட்டர் நேர்கோடு வெட்டி வைத்திருப்பார்கள். விடிந்ததும் இரண்டு பேர் சத்தமில்லாமல் அதில் நடப்பார்கள். மந்தை கண்ணில் பட்டதும் நின்று மூன்று விஷயம் எழுத வேண்டும்: எத்தனை தலை, ரேஞ்ச் ஃபைண்டரில் எவ்வளவு தூரம், காம்பஸில் கோட்டிலிருந்து எத்தனை டிகிரி. மந்தை 60 மீட்டரில், 30 டிகிரியில் நின்றால் கோட்டிலிருந்து அதன் செங்குத்துத் தூரம் 30 மீட்டர். கோட்டின் மேலேயே நிற்கும் மான் தப்பாது. தள்ளிப் போகப் போக நம் கண்ணுக்குத் தப்புவது கூடும். இந்தத் தூரங்களை அடுக்கினால் எந்தத் தொலைவில் எவ்வளவு தப்பியது என்று தெரிந்துவிடும். அதிலிருந்து சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்று கணக்கிடலாம். குறைந்தது 40 மந்தையாவது பதிவாக வேண்டும். 60, 80 என்றால்தான் நம்பலாம்.

தவறு எங்கே நடக்கும் என்றால், நேர்கோட்டை விட்டு ஜீப் பாதையில் நடப்பது முதல் தவறு. பாதையோரம் புல் வெட்டப்பட்டிருக்கும், அதனால் மான் அங்கே கூடுதலாக நிற்கும். நம்மைக் கண்டு ஓடி நின்ற இடத்துக்குத் தூரம் அளப்பது இரண்டாவது தவறு. முதலில் பார்த்த இடத்துக்குத்தான் அளக்க வேண்டும். மந்தையின் ஓரத்து மானுக்கு அளக்காமல் நடுவுக்கு அளக்க வேண்டும். குளத்தங்கரையில் உட்கார்ந்து ஒரு நாள் எண்ணிச் சொல்லும் எண்ணிக்கையை நம்பாதீர்கள். அங்கேதான் நீங்கள் பயப்படும் இரட்டை எண்ணிக்கை நடக்கும்.

கேள்வி (விவேக் நகர்): வேட்டையாடும் விலங்கே இல்லாத இடத்தில் மான் நிம்மதியாகப் பெருகும்தானே?

பதில்: இதற்கு நம் நாட்டிலேயே இரண்டு நேர் எதிரான சாட்சி உண்டு. அந்தமானில் பிரிட்டிஷார் புள்ளிமானைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. மான் தீவு தீவாகப் பரவி, காட்டின் இளங்கன்றுகளை முளைக்க முளைக்க மேய்ந்தது. பெரிய மரம் விழுந்தால் அந்த இடத்துக்கு வர அடுத்த மரம் இல்லாத நிலை.

மணிப்பூரில் நடந்தது வேறு. லோக்தாக் ஏரியில் மிதக்கும் புல்மேட்டின் மேல், கெய்புல் லம்ஜாவோவில் வாழ்கிறது சங்காய் மான். 1951-இல் இனமே அழிந்தது என்றார்கள், 1953-இல் மறுபடி கண்டார்கள், 1975 கணக்கெடுப்பில் 14 மட்டும் இருந்தது. காவல் கூடிய பிறகு 2016-இல் 260. அங்கே புலி கிடையாது. ஆனாலும் ஆபத்து தீரவில்லை, காரணம் தண்ணீர். அந்த மிதவை மேட்டில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீருக்கு அடியில் இருக்கும். முன்பெல்லாம் கோடையில் ஏரி வற்றும்போது மேடு தரையில் உட்காரும், வேர் சேற்றைப் பிடித்துச் சத்தெடுக்கும், மழையில் மறுபடி எழும்பும். 1983-இல் இத்தாய் தடுப்பணை வந்த பின் ஏரி வருஷம் முழுக்க நிரம்பியே நிற்கிறது. மேடு தரை தொடுவதில்லை. சத்தில்லாமல் மெலிகிறது, மெலிந்த இடத்தில் மானின் கால் உள்ளே இறங்குகிறது. மானின் காலடித் தரையே போய்க்கொண்டிருக்கிறது.

கேள்வி (ஸ்ரீராமபுரம்): செந்நாய் மானை உயிரோடு கிழித்துத் தின்பதை வீடியோவில் பார்த்தேன். மனசு தாங்கவில்லை. இதையாவது குறைக்கக் கூடாதா?

பதில்: உங்கள் வேதனை புரிகிறது. செந்நாய் சுமார் 15 கிலோ எடையுள்ள விலங்கு. புலி மாதிரி கழுத்தைக் கவ்வி நெரித்துக் கொல்லும் உடல்வாகு அதற்கு இல்லை. பல நாய்கள் சேர்ந்து இழுத்துச் சாய்க்கின்றன. ரத்தம் போய் மான் சில நிமிஷத்தில் அடங்குகிறது. வேகமாகத் தின்பதற்கும் காரணம் உண்டு: தாமதித்தால் புலியோ சிறுத்தையோ வந்து பிடுங்கிக்கொள்ளும்.

இந்த அருவருப்பை வைத்துத்தான் வெள்ளைக்காரன் காலத்தில் செந்நாய்த் தலைக்குப் பரிசுப் பணம் கொடுத்தார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை அது ஓயவில்லை. சுட்டவர்கள் மானைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி. ஜான்சிங் 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்க் கூட்டத்தின் பின்னாலேயே நடந்து பார்த்து எழுதிய பிறகுதான் அதன் வாழ்க்கை சரியாகத் தெரிய வந்தது. இன்று உலகளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் பட்டியலில் செந்நாயும் ஒன்று. அதைக் குறைக்க இனி யாரும் மெனக்கெட வேண்டாம். காட்டோர ஊர்நாய்களிடமிருந்து தொற்றும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் வெறிநோயுமே போதும். 2018-இல் கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் சில வாரத்தில் செத்தபோது அவற்றில் டிஸ்டெம்பர் கிருமி இருந்தது. காட்டோர ஊரில் உறவுக்காரர் இருந்தால் அவர்கள் வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போடச் சொல்லுங்கள். செந்நாய்க்கு இங்கிருந்து செய்யக்கூடிய பெரிய உதவி அது.

கேள்வி (கெங்கேரி): முதுமலை போகும் வழியெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்த செடி அழகாக இருந்தது. கூட வந்தவர் ‘இதுதான் மானுக்கு எமன்’ என்றார். உண்மையா?

பதில்: முழு உண்மை. அது உண்ணிச்செடி, லான்டானா. தென்னமெரிக்காப் பக்கத்திலிருந்து பிரிட்டிஷார் பூந்தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்தது. இன்று நாட்டின் புலிக்காடுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பரவி நிற்கிறது. மான் அதன் இலையைத் தின்னாது, அதில் நஞ்சு உண்டு. புதர் ஆளுயரத்துக்கு மேல் மூடினால் கீழே வெயில் விழாது, வெயில் இல்லாவிட்டால் புல் இல்லை. கையால் விலக்கி உள்ளே பார்த்தால் தெரியும்: வெறும் மண், காய்ந்த குச்சி, அதன் மேல் முள் படர்ந்த தண்டு. ஒரு ஏக்கர் காடு வரைபடத்தில் பச்சையாக இருக்கும். மானுக்கு அதில் ஒரு வாய்ப் புல் கிடையாது. எஞ்சிய புல்வெளியில் மான் நெருக்கியடித்து மேயும். அங்கேதான் புலியும் காத்திருக்கும், கண்ணி வைக்கிறவனும் காத்திருப்பான். பிலிகிரிரங்கன் மலைச் சோலிகர்கள் இன்னொன்று சொல்கிறார்கள்: முன்பு பருவம் பார்த்துத் தாங்கள் வைத்த சின்னத் தீ தடைபட்ட பிறகுதான் இது இவ்வளவு மண்டியது என்று. ஊன்றிக் கேட்க வேண்டிய அனுபவம் அது.

வெட்டினால் போகாதா என்று கேட்பீர்கள். வெட்டினால் பல மடங்காகத் துளிர்க்கும். டெல்லி பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழு பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறைதான் பலன் தருகிறது. தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் ஓரிரு அங்குலம் இறங்கி ஆணிவேரை வெட்ட வேண்டும். துளிர் கிளம்புவது அந்தச் சேரும் இடத்திலிருந்துதான். அதை விட்டுவைத்தால் உழைப்பு வீண். வெட்டிய புதரைத் தூக்கித் தலைகீழாகப் போட வேண்டும். தண்டு ஈர மண்ணைத் தொட்டால் மறுபடி வேர்விடும். காய் பழுப்பதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். பழத்தைத் தின்ற பறவைகள் மரக்கிளையில் உட்கார்ந்து விதையைக் கீழே போடும், அதனால் அடுத்த மழையில் அந்த மரங்களுக்கு அடியில் முளைக்கும் நாற்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். கூடவே உள்ளூர்ப் புல்லை விதைக்க வேண்டும். இரண்டு மூன்று வருஷம் தொடராமல் ஒரு தடவை வெட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனால், காலி இடத்தில் பார்த்தீனியமோ மஞ்சள்கொன்றையோ வந்து உட்காரும். பல இடங்களில் பணம் செலவாகியும் காடு மாறாததற்குக் காரணம் இதுதான்.

கேள்வி (மர்பி டவுன்): ஊர்ப்பக்கம் விசேஷத்துக்குப் போனால் மான்கறி கிடைக்கும் என்கிறார் மச்சான். ஒருநாள் ருசி பார்த்தால் என்ன ஆகிவிடும்?

பதில்: வேண்டாம் என்று மச்சானிடம் இன்றே சொல்லிவிடுங்கள். கொல்வது மட்டுமில்லை, கறியை வைத்திருப்பதும் குற்றம். சரணாலயத்திலோ தேசியப் பூங்காவிலோ வேட்டையாடியதாக இருந்தால் 3 முதல் 7 வருஷம் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். சமைத்த துண்டை வைத்தே எந்த விலங்கென்று ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் டி.என்.ஏ. மூலம் சொல்லிவிடுவார்கள்.

சட்டத்தை விடுங்கள், அந்த மான் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். புலி தனக்குப் பசித்தால் ஒன்று கொல்லும். கண்ணிக்குப் பசி கிடையாது. வாங்க ஆள் இருக்கும்வரை வைத்தவன் வைத்துக்கொண்டே இருப்பான். காட்டில் இரை குறைந்தால் புலியும் சிறுத்தையும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊருக்குள் வரும். மாட்டை இழந்தவர் கோபத்தில் செத்த மாட்டில் விஷம் வைப்பார். 2025 ஜூனில் மாதேஸ்வரன் மலைக் காட்டில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் அப்படி விஷம் வைத்த மாட்டைத் தின்றுதான் செத்தன.

கேள்வி (எலெக்ட்ரானிக் சிட்டி): அஞ்செட்டிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் ராகி, நிலக்கடலை. காட்டுப்பன்றி விடவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் பைக் க்ளட்ச் கம்பியில் சுருக்கு வைக்கச் சொல்கிறார். பன்றிக்குத்தானே வைக்கிறோம்?

பதில்: சுருக்குக்கு ஆள் தெரியாது. அந்தக் கம்பி மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்தது; இழுக்க இழுக்க இறுகும், தளராது. பன்றி பலத்தால் சில நேரம் அறுத்துக்கொண்டு போகும், இடுப்பில் கம்பி புதைந்து பல நாள் அழுகிச் சாகும். மான் பதறித் துள்ளும், அரை மணியில் கழுத்து நெரியும். காட்டோரத்தில் சிறுத்தை இப்படி இடுப்பில் சிக்கித் தொங்குவது அடிக்கடி நடக்கிறது. அப்போது வழக்கு உங்கள் மேல்தான். அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி), மின்கம்பத்திலிருந்து நேராகக் கொக்கி போட்ட கம்பி இரண்டும் இன்னும் மோசம். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதர்களும் அதில் செத்திருக்கிறார்கள்.

சோலார் வேலி போடுங்கள். 12 வோல்ட் பேட்டரி, மின்சாரத்தைத் துடிப்பாக வேலிக்கு அனுப்பும் எனர்ஜைசர், சோலார் தகடு. இதில் மின்சாரம் தொடர்ந்து ஓடாது. நொடிக்கு ஒரு துடிப்பு, அதுவும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். தொட்ட விலங்கு உதறிக்கொண்டு பின்வாங்க இடைவெளி கிடைக்கும். பன்றிக்குக் கீழ்க்கம்பிதான் முக்கியம்: தரையிலிருந்து 15, 30, 50, 80 செ.மீ. உயரத்தில் நான்கு கம்பி. முதல் கம்பியை ஒரு முழம் தூக்கிக் கட்டிவிட்டால் பன்றி மூக்கால் மண்ணைக் கிளறி அடியில் நுழைந்துவிடும். புள்ளிமானும் வந்தால் மேலே இன்னும் இரண்டு கம்பி சேர்க்க வேண்டும். கடமானுக்கு ஆறடி உயரமும் போதாமல் போகலாம்.

வேலி போட்டும் பன்றி வருகிறது என்பவர்கள் பெரும்பாலும் எர்த்தில் கோட்டை விட்டிருப்பார்கள். ஆறடி நீள ராடு மூன்று, ஒன்றுக்கொன்று பத்தடி தள்ளி, ஈரம் நிற்கும் இடத்தில் இறக்க வேண்டும். கோடையில் மண் காய்ந்தால் அங்கே ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அடுத்தது களை: புல் வளர்ந்து கீழ்க்கம்பியைத் தொட்டால் மின்சாரம் அதன் வழியே தரைக்குப் போய்விடும். வாரம் ஒருமுறை வேலிக்கு அடியில் ஓரடி அகலம் சுத்தம் செய்து, வேலியின் கடைசி முனையில் வேலி வோல்ட்டை அளக்கும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். 5,000 வோல்ட் காட்டினால் நல்லது. 3,000-க்குக் கீழே போனால் பன்றி முட்டித் தள்ளும். எனர்ஜைசரை ராகி கதிர் பிடித்த பிறகு போடாதீர்கள், விதைத்த நாளே போடுங்கள். ஒருமுறை கடலை ருசி கண்ட பன்றி அடியையும் பொறுத்துக்கொண்டு உள்ளே வரும்.

அதையும் மீறிச் சேதமானால் வயலைச் சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுத்து, பட்டா நகலோடு வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மாடு இருந்தால் கோமாரித் தடுப்பூசியை விடாதீர்கள். காட்டில் மேயும் மாட்டிலிருந்து காட்டு விலங்குக்கு நோய் தாவும். 1968-இல் மாடுகளுக்கு வரும் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) பந்திப்பூர், முதுமலைக் காட்டுமாடுகளைக் கூட்டம் கூட்டமாக வாரிக்கொண்டு போனது.

கேள்வி (ஆர்.டி. நகர்): தானாக உதிர்ந்த மான்கொம்பை எடுத்து வீட்டில் மாட்டலாமா?

பதில்: கூடாது. உதிர்ந்ததும் அரசுச் சொத்துதான், வைத்திருந்தால் வழக்கு. காட்டிலேயே கிடக்கட்டும், சுண்ணாம்புச் சத்துக்காக முள்ளம்பன்றியும் மானும்கூட அதைக் கடிக்கும்.

கேள்வி (பன்னேர்கட்டா ரோடு): எங்கள் லேஅவுட்டில் விடியற்காலை ஒரு புள்ளிமான் புகுந்தது. தெருநாய்கள் துரத்த, பையன்கள் பிடித்துக் கட்டி வைத்தார்கள். ஒரு காயமும் பெரிதாக இல்லை, வனத்துறை வருவதற்குள் செத்துவிட்டது. என்ன தவறு செய்தோம்?

பதில்: காப்பாற்றத்தான் பிடித்தார்கள், ஆனால் பிடித்ததுதான் அதைக் கொன்றது. உயிர்பயத்தில் ஓடி, கட்டுண்டு திமிறும்போது மானின் உடல் சூடு ஏறும், தசை உள்ளுக்குள்ளேயே சிதையும். சிதைந்த தசை ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். சில மான் உடனே சாகும், சில இரண்டு மூன்று நாள் கழித்துச் சாகும். வெளிக்காயம் தெரியாது.

அடுத்த முறை முதலில் நாய்களை அப்புறப்படுத்துங்கள். மானைத் தொடாதீர்கள். அது வந்த திசையில் கேட்டைத் திறந்து வைத்து, ஆட்களை மறுபக்கம் நிறுத்தி, விளக்கையும் செல்போன் கேமராக்களையும் அணைக்கச் சொல்லுங்கள். பல நேரம் மான் தானாகவே வந்த வழியில் போய்விடும். உடனே வனத்துறை உதவி எண் 1926-ஐ அழையுங்கள்.

காயத்தோடு படுத்துவிட்டால் மட்டும் நெருங்குங்கள். கனமில்லாத கறுப்புத் துணியால் கண்ணை மூடுங்கள், மூக்கை மூடாதீர்கள். மார்பு தரையில் படும்படி, கால்களை மடக்கி உட்கார்ந்த நிலையில் வையுங்கள். பக்கவாட்டில் சாய்த்துப் போட்டால் வயிற்றில் காற்று ஏறும், அசை போட்டது மேலே வந்து மூச்சுக்குழலில் இறங்கும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். வெல்வெட் போன்ற தோல் போர்த்திய, வளரும் கொம்பில் ரத்தக்குழாய் ஓடுகிறது. நிழல், அமைதி, ஒரே ஒரு ஆள் காவல்.

புல்லுக்குள் தனியாக அசையாமல் படுத்திருக்கும் குட்டியைக் கண்டால் அது அனாதை என்று தூக்கி வந்துவிடாதீர்கள். பிறந்த முதல் நாட்களில் தாய் அதை அப்படித்தான் ஒளித்து வைக்கும், பால் கொடுக்க மட்டும் வந்து போகும். நீங்கள் நகர்ந்தால்தான் அது வரும்.